கையெழுத்தை மறைத்துவிட்டுப் பாருங்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஓவியம் பழகுகிறவர்கள் எழுதியவை. எப்படிச் சுற்றி வளைத்தாலும் எல்லாருடைய கேள்வியும் ஒன்றுதான்: என் படம் என்னுடையதாக எப்போது ஆகும்? இந்த இதழ் முழுக்க அவர்களுக்கே.

நான்கு ஆண்டுகளாக ஓவியம் படிக்கிறேன். ‘உனக்கென்று ஒரு பாணி இன்னும் வரவில்லை’ என்கிறார் ஆசிரியர். எப்போதுதான் வரும்?
*மாணவி, கும்பகோணம்*

கே.சி.எஸ். பணிக்கர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். இள வயதிலேயே நீர்வண்ண நிலக்காட்சிகளுக்குப் பெயர் வாங்கியவர். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராகவும் இருந்தார். ஆனால் இன்று பணிக்கர் என்றதும் நம் கண்முன் வருகிற ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையை அவர் தொடங்கியது 1963 வாக்கில். அப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மலையாள எழுத்தின் சாயல், ஜாதகக் கட்டம், கணக்குக் குறிகள் என்று அந்தப் படங்களில் இருப்பவை எல்லாம் வீட்டுப் பரணில் கிடக்கிற சங்கதிகள். அவற்றை எடுத்துப் படத்துக்குள் வைக்க அவருக்கே அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

ஆசிரியர் மறுபடி அப்படிச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். “சார், இந்தப் படத்தில் எந்த இடம் நான் வரைந்த மாதிரி இருக்கிறது?” என்று கேளுங்கள். அவர் உள்ளங்கை அளவு ஓர் இடத்தைக் காட்டினாலும் போதும். அடுத்த படத்தை அதிலிருந்து தொடங்குங்கள்.

ஓவியத்தில் கையெழுத்தை எந்த மூலையில் போடுவது சரி?
*வாசகர், ஈரோடு*

முதலில் அதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு நண்பரிடம் படத்தைக் காட்டுங்கள். வரைந்தவர் யார் என்று அவர் சொல்லிவிட்டால் எந்த மூலையில் போட்டாலும் சரி. சொல்லாவிட்டால் நான்கு மூலையிலும் போட்டாலும் பயனில்லை.

பிறர் படத்தைப் பார்த்து வரைந்து பழகுவது தவறா? சொந்தத் திறமை கெட்டுவிடும் என்று பயமுறுத்துகிறார்கள்.
*வாசகி, திருநெல்வேலி*

பயப்படாமல் வரையுங்கள். 1887இல் பாரிஸில் இருந்த வான்கா, ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் மரச்செதுக்கு அச்சுப்படங்களை எண்ணெய் வண்ணத்தில் பார்த்து வரைந்தார். மழையில் பாலம் கடக்கிறவர்கள் படம் அதில் ஒன்று. மூலத்தில் ஆறு அமைதியான நீலப் பரப்பு. வான்காவிடம் அதே ஆறு தூரிகைத் தீற்றல்களாகத் துடிக்கிறது. படத்தைச் சுற்றி ஒரு பட்டை போட்டு, வேறு அச்சுகளிலிருந்து எடுத்த ஜப்பானிய எழுத்துகளால் அதை நிரப்பினார். அவ்வளவு பணிவோடு பார்த்து வரைந்தும் அவர் கை ஒளிந்துகொள்ள மறுத்துவிட்டது.

நான் எல்லாருக்கும் சொல்லும் பயிற்சி இதுதான். உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரு படத்தை நேர்மையாக, ஒரு கோடு விடாமல், பார்த்து வரையுங்கள். முடித்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஒத்துப்போகாத இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். சில வட்டங்கள் பயிற்சிக் குறை. அடுத்த முறை சரியாகிவிடும். பத்துப் படம் வரைந்த பிறகும் அதே இடத்தில் அதே மாதிரி விலகுகிறீர்களா? அதைத் திருத்தாதீர்கள். அது உங்களுடையது. ஒரே ஒரு நிபந்தனை: பார்த்து வரைந்ததன் கீழே மூல ஓவியரின் பெயரை எழுதிவிட வேண்டும்.

என் கோட்டோவியங்களில் ஆதிமூலத்தின் சாயல் வந்துவிடுகிறது. எப்படித் தப்பிப்பது?
*வாசகர், திருச்சி*

உங்கள் ஊர்க்காரர்தானே! கீரனூரில் 1938இல் பிறந்தவர். அவர் கோட்டைப் பார்த்து மயங்காத ஓவிய மாணவர் தமிழ்நாட்டில் குறைவு, அதனால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் அவர் என்ன செய்தார் என்பதையும் கவனியுங்கள். காந்தி நூற்றாண்டை ஒட்டி, 1969 வாக்கில், காந்தியைக் கறுப்பு வெள்ளையில் மீண்டும் மீண்டும் வரைந்தார். ஏறக்குறைய நூறு படங்கள். ஒரே மனிதர், ஒரே கறுப்பு மை. ஒரு முகத்தை நூறு தடவை வரைகிறவனுக்குத் தெரிந்த தந்திரமெல்லாம் இருபதாவது படத்திலேயே தீர்ந்துவிடும். மிச்ச எண்பதுக்குப் பார்வையைத்தான் நம்ப வேண்டும். அந்தக் கோடு அங்கே பழுத்தது என்பது என் துணிபு. பிறகு, பெயர் வாங்கித் தந்த அந்தக் கோட்டையே சுமந்துகொண்டிருக்காமல், கேன்வாஸில் வண்ணப் பரப்புகளுக்குப் போனார். கோடே இல்லாத நிலக்காட்சிகள் அவை. தன் சாயலிலிருந்தே வெளியே நடந்தவர்.

அவர் கோட்டைப் பழகிவிட்டீர்கள். இனி அவருடைய பிடிவாதத்தைப் பழகுங்கள். உங்கள் அப்பாவையோ பக்கத்து வீட்டுப் பாட்டியையோ நூறு முறை வரையுங்கள். அறுபதாவது படத்தில் ஆதிமூலம் இருக்கிறாரா என்று எனக்கு எழுதுங்கள்.

எங்கள் ஊரில் வரைவதற்கு ஒன்றுமே இல்லை. மலை இல்லை, கடல் இல்லை, பழைய கோயில்கூட இல்லை.
*வாசகர், விருதுநகர் மாவட்டம்*

உங்கள் வீட்டில் பாட்டில் இருக்கிறதா? இத்தாலியில் பொலோன்யா நகரத்து மொராந்தி (1890–1964) அதே ஊரில், அதே வீட்டில், பாட்டிலும் ஜாடியும் டப்பாவுமாக ஒரு மேசையில் அடுக்கி வைத்து வாழ்நாள் முழுக்க வரைந்தார். சிலவற்றின் மேல் தானே பெயின்ட் பூசிப் பளபளப்பைக் குறைத்தார். படிந்த தூசியைத் துடைக்காமல் விட்டார். ஒரு ஜாடியை விரலளவு நகர்த்தினால் அது அவருக்குப் புதிய படம்.

உங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடியைக் கொஞ்சம் நகர்த்தி வையுங்கள்.

இன்ஸ்டாகிராமில் ஒரே மாதிரிப் பெண் முகங்கள் போட்டால் லைக் குவிகிறது, ஆர்டரும் வருகிறது. வேறு மாதிரி வரைந்தால் ஆளே இல்லை. பாணியை மாற்றலாமா?
*ஓவியர், சென்னை*

நீங்கள் சொல்வது பாணி இல்லை, சரக்கு. சரக்கை விற்பதில் தப்பே கிடையாது. வாடகை கட்ட வேண்டும், பெயின்ட் வாங்க வேண்டும். ஆனால் இரண்டையும் ஒரே மேசையில் வைக்காதீர்கள்.

உங்கள் ஊரிலேயே இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 1966இல் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்களே, அதற்கு நிலம் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? பாத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்றார்கள். பிழைப்பைக் கைவினை பார்த்துக்கொண்டது. ஓவியத்தை எந்த வாடிக்கையாளரும் திருத்தச் சொல்லவில்லை. ஒருமுறை கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கி அங்கே போய் நடந்துவிட்டு வாருங்கள். பிறகு வாரத்தில் நாலு நாள் ஆர்டர் முகங்கள், மூன்று நாள் யாருக்கும் காட்டாத நோட்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

எந்த ஓவியரின் பாணியில் கேட்டாலும் கணினி நொடியில் வரைந்து தருகிறது. இனித் தனிப்பாணி எதற்கு?
*பொறியாளர், கோவை*

ஓவியர் சில்பி கோயில்களில் சிலைகளின் முன்னால் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வரைந்தார். கணினிக்குக் கிடைப்பது அப்படி உட்கார்ந்து எழுந்தவர் விட்டுச்சென்ற படம். நீங்கள் நாளை உட்காரப்போகும் இடம் அதற்குத் தெரியாது. போய் உட்காருங்கள்.

பாணி இருப்பது கையிலா, கண்ணிலா?
*வாசகி, யாழ்ப்பாணம்*

ஓவியர் கோபுலுவின் வலது கை பக்கவாதத்தால் செயலிழந்தது. அவர் இடது கையால் வரையப் பழகினார். அந்தப் படங்களிலும் கோபுலுதான் இருந்தார். பதில் கிடைத்துவிட்டதல்லவா?

முப்பது ஆண்டுகளாகக் காலையில் கோலம் போடுகிறேன். என் பேத்தி ஓவிய வகுப்புக்குப் போகிறாள். ‘உன் கோலத்தை நூறு வாசலுக்கு நடுவிலும் கண்டுபிடித்துவிடுவேன் பாட்டி’ என்கிறாள். புள்ளி எல்லாருக்கும் ஒன்றுதானே, அது எப்படி?
*இல்லத்தரசி, மயிலாடுதுறை*

அம்மா, இந்த வாரம் வந்ததில் நான் இரண்டு முறை படித்த கடிதம் உங்களுடையது. புள்ளி எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் மாவு விரலிடுக்கில் இறங்கும் வேகம் உங்களுடையது. வளைவில் நீங்கள் எங்கே நிதானிக்கிறீர்கள், எங்கே இழுத்துவிடுகிறீர்கள், இழை எங்கே தடிக்கிறது என்பதெல்லாம் முப்பது ஆண்டுகளில் உங்கள் உடம்பில் படிந்துவிட்டது. மேலே கேள்வி கேட்ட அத்தனை பேரும் தேடுவது இதைத்தான். உங்கள் பேத்திக்கு நல்ல கண்.

வண்டியும் காலும் பட்டு பத்து மணிக்குள் அது அழிந்துவிடுகிறது என்பதுதான் என் கவலை. ஒரு கோடு போடாத நோட்டு வாங்கி, நாளைய கோலத்தை அதிலும் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். ஒரு மார்கழி முழுக்க அப்படிச் செய்யுங்கள். தை பிறந்ததும் அந்த நோட்டைப் பேத்தியிடம் கொடுங்கள். அதற்கு முன் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.