நானே போட்டது

எங்கள் பக்கத்து வீட்டு வாசலில் சிமெண்டில் செய்த ஒரு ஃபவுண்டன் இருக்கிறது. ஐந்தடி உயரம், மூன்று தட்டு, உச்சியில் ஒரு அன்னாசிப்பழம். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே, "அட, நல்லாருக்கே, யார் போட்டது?" என்று கேட்டுவிடுவார்கள். கேட்கிற மாதிரியான இடத்தில்தான் அது வைக்கப்பட்டிருக்கிறது. பக்கத்து வீட்டு சார் மாமரத்தைப் பார்த்துக்கொண்டே, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல், "நானே போட்டதுதான்" என்பார்.

இந்த 'நானே'யில் இருக்கும் ஏகாரத்தை ஒரு நிமிஷம் கவனிக்க வேண்டும். நன்னூல் ஏகாரத்துக்கு ஆறு பொருள் சொல்கிறது. அதில் ஒன்று பிரிநிலை. ஒரு கூட்டத்திலிருந்து ஒருவரை மட்டும் தனியே பிரித்துக் காட்டுவது. அந்த ஃபவுண்டனைப் போட்டதில் அவரைத் தவிர எட்டுப் பேர் கை வைத்தோம். பிரிந்து நிற்பவர் அவர். இலக்கணப்படி ஒரு பிழையும் இல்லை.

இந்த ரகத்தினரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வீட்டில் சொந்தமாக டிரில்லிங் மிஷின் இருக்கும். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் அளவு வாரியாகத் திருகாணிகள் இருக்கும். ஆள் வைத்துச் செய்கிறவர்களைக் கண்டால் ஒரு இரக்கச் சிரிப்பு இருக்கும். ஆனால் இவர்களுடைய முதன்மையான கருவி டிரில்லிங் மிஷின் இல்லை. "சார், ஒரு நிமிஷம் இதைப் பிடிங்களேன்" என்ற வாக்கியம்தான். நானே செய்கிறேன் என்று ஒருவர் கிளம்பினால், பிடித்துக்கொண்டு நிற்க இன்னொருவர் வேண்டும். ஏணியின் கால், டார்ச் லைட், அளவு டேப்பின் மறுமுனை. பதினோரு வருஷமாக அந்தத் தெருவில் டேப்பின் மறுமுனை நான்.

ஃபவுண்டன் ஆசை அவருக்குப் பள்ளிக்கூட நாளில் வந்தது. எக்ஸ்கர்ஷன் போன இடம், வேறெங்கே, பிருந்தாவனம். கிருஷ்ணராஜ சாகர் அணைக்குக் கீழே 1932-ல் திறந்த தோட்டம். காவிரித் தண்ணீர் நமக்கு வருகிறதோ இல்லையோ, அது அங்கே கலர் கலராகப் பீய்ச்சியடிப்பதைக் காசு கொடுத்துப் பார்த்துவிட்டு வருவது நம் குடும்பங்களின் நீண்டநாள் வழக்கம். அவர் வீட்டு ஹாலில் அந்தப் படம் மாட்டியிருக்கிறது. முன்னால் ஒல்லியாக ஒரு பையன், அவன் தலையிலிருந்தே கிளம்புவதுபோல் பின்னால் ஒரு நீர்த்தாரை. அரசாங்கத்தில் கணக்குப் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் இருந்து ஓய்வு பெற்ற மறுமாதம், அந்தத் தாரையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடத் தீர்மானித்தார்.

வாங்கியது கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்தில். அங்கே சிமெண்ட் சாமான் விற்கும் கடைகளில் சிங்கம், அன்னம், புத்தர், கைகூப்பிய பெண் எல்லாரும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போல வெயிலில் வரிசையாக நிற்பார்கள். பேரம் முடிந்ததும் கடைக்காரர், "ஆயிரத்து ஐந்நூறு குடுங்க சார், நம்ம பசங்க வந்து மாட்டிட்டுப் போயிடுவாங்க" என்றார். டேப்பின் மறுமுனையாக நானும் உடன் போயிருந்தேன். சாரின் முகத்தில் அந்த இரக்கச் சிரிப்பு வந்தது.

"என்னய்யா இதுல மாட்டறதுக்கு? டிபன் கேரியர் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கறதுதானே! நானே போட்டுக்கறேன்."

கடைக்காரர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். எத்தனை டிபன் கேரியர்களை அவர் பார்த்திருக்கிறாரோ.

கணக்குப் பிரிவுக்காரர் என்பதால் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டுவைத்திருந்தார். ஒரு கன அடி கான்கிரீட் ஏறக்குறைய 68 கிலோ. அடித்தொட்டி மட்டும் இரண்டு கன அடிக்குக் கொஞ்சம் குறைவு. ஆக 130 கிலோ. கோடு போட்டு, கீழே விடை எழுதி, விடையைச் சுற்றி வட்டமும் போட்டிருந்தார். அந்த 130 கிலோவை வண்டியிலிருந்து யார் இறக்குவது என்பது மட்டும் தாளில் இல்லை. குட்டியானை வந்து வாசலில் நின்றது. "இறக்குறது நம்ம வேலை இல்ல சார்" என்று டிரைவர் பீடி பற்றவைத்தார். பிறகு அவரே மனம் இரங்கி, பழைய டயர் ஒன்றைக் கீழே போட்டு, எதிர் அபார்ட்மெண்ட் வாட்ச்மேனையும் தெருமுனை இஸ்திரிக்காரரையும் கூப்பிட்டார். என்னை யாரும் கூப்பிடவில்லை, நான் ஏற்கெனவே ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சார் சற்றுத் தள்ளி நின்று இரண்டு கைகளையும் விரித்து, "அப்படியே... அப்படியே..." என்று சொல்லிக்கொண்டிருந்தார். நால்வரும் மூச்சு வாங்கி நிமிர்ந்தபோது நெற்றியைத் துடைத்துக்கொண்டவர் அவர்தான்.

இடம் ஈசான்ய மூலை. அதில் மறுபேச்சு இல்லை. மைத்துனர் போனில் வாஸ்து சொல்லியிருந்தார். தண்ணீர் வீட்டைப் பார்த்து ஓட வேண்டும், அப்போதுதான் பணம் உள்ளே வரும். வட்டமான ஃபவுண்டனில் தண்ணீர் எந்தப் பக்கம் பார்த்து ஓடும் என்று நான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

அடித்தளத்துக்கு ஒரு கொத்தனார் வந்தார். ஒன்றுக்கு நாலுக்கு எட்டு என்ற கலவையில் நாலு அங்குலக் கனத்துக்கு ஒரு மேடை. அவர் டியூப் லெவல் பிடித்து மட்டம் பார்த்தபோது டியூபின் மறுமுனை யாரிடம் இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. மேடையின் மேல் சாக்கைப் போட்டு ஏழு நாள் தண்ணீர் ஊற்றி ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். காலையும் மாலையும் ஊற்றியது அவர் வீட்டம்மா. "வீடு கட்டினப்பவும் நான்தான் ஊத்தினேன். அப்பவும் அவரேதான் வீட்டைக் கட்டினாரு" என்றார், பைப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். எட்டாம் நாள் சார் மேடையைக் கட்டைவிரலால் தட்டிப் பார்த்து, "நல்லா செட் ஆயிருக்கு. க்யூரிங் அப்படி" என்றார்.

அடுக்கும் நாள் ஞாயிற்றுக்கிழமை. அதே வாட்ச்மேன், அதே இஸ்திரிக்காரர், அதே நான். தொட்டி வைத்தோம், மேல் தூண் வைத்தோம், நடுத்தட்டு வைத்தோம், அதற்கு மேல் சின்னத் தூண், சின்னத் தட்டு, கடைசியாக அன்னாசிப்பழம். சார் நாலடி பின்னால் போய் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். முகத்தில் ராஜராஜனுக்கு இருந்திருக்கக்கூடிய ஒரு திருப்தி. அப்போது வீட்டம்மா ஜன்னல் வழியாக, "ஏங்க, கையில என்ன?" என்று கேட்டார்.

கையில் இருந்தது பம்ப்பிலிருந்து உச்சிக்குப் போக வேண்டிய அரை அங்குல டியூப்.

பம்ப் அடித்தொட்டியில் தூணின் குடைவுக்குள் உட்கார வேண்டும். டியூப் எல்லாத் தட்டுகளின் நடு ஓட்டை வழியாகவும் மேலே ஏற வேண்டும். பம்ப்பின் ஒயர் தொட்டியின் அடி ஓட்டை வழியாக வெளியே வர வேண்டும். இவையெல்லாம் அடுக்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை. டிபன் கேரியரைப் பிரித்தோம். இப்போது ஒயர் நுழைகிறது, அதன் முனையில் இருக்கும் பிளக் நுழையவில்லை. பிளக்கை வெட்டினார். வெட்டினால் ஒயர் நீளம் போதவில்லை. ஒட்டுப்போட்டு, கறுப்பு டேப் சுற்றி, அந்த ஒட்டைத் தொட்டிக்குள்ளேயே விட்டார். தண்ணீர் நிரப்பி ஸ்விட்சைப் போட்டதும் வீடு முழுக்க மின்சாரம் போனது. மறுபடி போட்டார், மறுபடி போனது. மூன்றாம் முறை உள்ளே டிவி முன்னால் இருந்த வீட்டம்மாவின் மாமியார், "அந்தத் தண்ணியை நிறுத்துடா!" என்று குரல் கொடுத்தார். கசிவு மின்சாரம் கண்டால் துண்டிக்கிற அந்தச் சின்னப் பெட்டியைப் போர்டில் வைத்த புண்ணியவான் யாரோ, எங்கள் எல்லார் உயிரும் அன்று அவன் போட்ட பிச்சை. மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து ஒட்டே இல்லாத நீள ஒயராகப் போட்டுக் கொடுத்தார். சார் அவருக்கு டார்ச் பிடித்தார். அவர் பிடித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இனி பம்ப். 18 வாட், ஏர் கூலரில் இருப்பதே. டப்பாவில் 1.8 மீட்டர் என்று போட்டிருக்கிறது, நம் உயரம் 1.5 மீட்டர், தாராளமாக ஏறும் என்பது காலண்டர் தாளின் தீர்ப்பு. டப்பாவில் போட்டிருப்பது தண்ணீர் ஏறக்கூடிய கடைசி எல்லை என்பதும், அந்த எல்லையை நெருங்க நெருங்க ஓட்டம் குறைந்து, எல்லையைத் தொட்டதும் ஒன்றுமே வராது என்பதும் பிறகு தெரிந்தது. அன்னாசிப்பழம் அழுதது. சொட்டுச் சொட்டாக, சத்தமில்லாமல், உள்ளுக்குள் ஏதோ துக்கம் இருப்பதுபோல. இரண்டு நாள் கழித்து 40 வாட் பம்ப் வந்தது. தாரை கிளம்பி, மாமரத்தின் தாழ்ந்த கிளையைத் தொட்டு, காயப்போட்டிருந்த என் வேட்டியில் இறங்கியது. சார் டியூபை நசுக்கிப் பார்த்தார், முடிச்சுப் போட்டுப் பார்த்தார், அன்னாசியின் வாயில் காகிதம் திணித்தார். பாத்திரம் தேய்க்க வந்த அம்மா தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, "இந்தத் திருகு எதுக்கு சார்?" என்று கேட்டுக்கொண்டே பம்ப்பின் பக்கத்தில் இருந்த குமிழைத் திருப்பினார். தாரை அடங்கிக் குடைபோல விரிந்து விழுந்தது. சார் அசையவில்லை. "அதைத்தான் கடைசியா பார்க்கலாம்னு வெச்சிருந்தேன்" என்றார்.

எல்லாம் சரியானது, ஒன்றைத் தவிர. மேல்தட்டு சுற்றிலும் வழியாமல் ஒரே பக்கமாக வழிந்தது. அந்தப் பக்கம் எங்கள் வீடு.

மைத்துனரின் வாஸ்துப்படி சாரின் ஓய்வூதியம் முழுவதும் சுவர் தாண்டி என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. இரண்டு நாள் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் ரசமட்டத்தோடு வந்தார். தட்டின் மேல் வைத்தால் குமிழி நடுவில் நிற்காமல் அவர் வீட்டுப் பக்கம் ஒதுங்கியது. உயர்ந்த பக்கம்தானே குமிழி போகும், தண்ணீருக்கு நேர் எதிர். குமிழியாவது தன் பக்கம் இருக்கிறதே என்று அவர் சமாதானம் அடையவில்லை. என் பக்கத்தைத் துளி உயர்த்த வேண்டும். கல் சக்கை வைத்தால் அதிகமாகிறது. அட்டை வைத்தால் ஊறிவிடும்.

"சார், உங்ககிட்ட பழைய அஞ்சு ரூபா இருக்கா? தடியா வருமே, அது."

தேடி எடுத்துக் கொடுத்தேன். வாட்ச்மேன் கடப்பாரையால் தட்டை நெம்பினார், இஸ்திரிக்காரர் தாங்கினார், நான் காசை உள்ளே தள்ளினேன். சார் ரசமட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். குமிழி நடுவுக்கு வந்தது. தண்ணீர் நாலு பக்கமும் கண்ணாடிபோல வழிந்தது, அவர் வீட்டுப் பக்கம் ஒரு இழை கூடுதலாகவே.

அதற்குப் பிறகு நடந்தவை சில்லறை விஷயங்கள். மின்சாரக் கணக்குப் பார்த்து விருந்தாளி வரும்போது மட்டும் ஓடவிட்டார். மற்ற நாளில் தேங்கிய நல்ல தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி ஆயிற்று. மாநகராட்சியிலிருந்து வந்த பெண் டார்ச் அடித்துப் புழுவைக் காட்டி, ஒரு வாரத்தில் இதெல்லாம் பறக்கும் என்று எச்சரித்துவிட்டுப் போனார். புழு தின்ன மீன் விட்டார். புதுக் கான்கிரீட்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கித் தண்ணீரைக் காரமாக்கும், பல முறை நிரப்பிக் கொட்டிய பிறகே மீன் விடலாம் என்பது மீன்களுக்கு முதலில் தெரிந்தது. இப்போது தினம் காலை ஒரு மணி நேரம் ஓடுகிறது. காக்கைகள் வந்து குடிக்கின்றன, வடையைக் கொண்டுவந்து ஊறப்போடுகின்றன.

சென்ற மாதம் திருச்சியிலிருந்து அவர் உறவுக்காரக் குடும்பம் ஒன்று வந்தது. சத்தம் கேட்டுச் சுவரோரம் போய் நின்றேன். "நானே போட்டதுதான்" என்று மாமரத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். கூட வந்த ஆறு வயதுப் பெண், ரயில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது ஜன்னல் வழியே காசு போட்ட ஞாபகத்திலோ என்னவோ, அப்பாவின் சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துத் தொட்டிக்குள் போட்டுக் கையைக் கூப்பியது. எல்லாரும் சிரித்தார்கள். உள்ளே காபி குடிக்கப் போனார்கள்.

சார் மட்டும் பின்தங்கி, முழுக்கைச் சட்டையை மடித்து, தொட்டிக்குள் கையைவிட்டுத் துழாவி அந்தக் காசை எடுத்தார். வேட்டியில் துடைத்தார். சுவருக்கு இந்தப் பக்கம் என்னைக் கண்டதும் நேராக வந்தார்.

"உங்களுக்கு ஒரு அஞ்சு ரூபா தரணும் இல்ல?" என்று சொல்லி அதை என் உள்ளங்கையில் வைத்தார். இன்னும் ஈரமாக இருந்தது. இரண்டு ரூபாய்.