சாமி சாட்சியும் சார்பதிவாளர் சான்றும்

ஏழுமலையானே சாட்சியாகத் திருமலையில் தாலி கட்டியவர்களுக்கு அரசாங்கச் சான்றிதழ் எதற்கு?

பத்மாவதித் தாயாரை மணக்கக் குபேரனிடம் கடன் பெற்ற பெருமாளே பிரம்மனையும் சிவனையும் சாட்சியாக வைத்துப் பத்திரம் எழுதிக் கொடுத்தார் என்று தலபுராணம் கூறும்போது, அவருடைய பக்தர்கள் மட்டும் எழுத்தை வேண்டாமென்பது எப்படி? ஆந்திரப் பிரதேசம் 2002ஆம் ஆண்டிலேயே திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியது. 2006இல் சீமா வழக்கில் எல்லா மாநிலங்களும் அவ்வாறே செய்ய வேண்டும் என்று உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், ஜீவனாம்சம் கோரும் மனைவிக்கும் சொத்துரிமை கோரும் கைம்பெண்ணுக்கும் அந்த ஏடே துணை என்பதை எடுத்துக்காட்டியது.

அப்படியானால் சடங்கை விட்டுவிட்டு, சான்றிதழை மட்டும் வாங்கிக்கொள்ளலாமா?

இந்து திருமணச் சட்டத்தின்கீழ் அது செல்லாது. உரிய சடங்கு நடவாத இடத்தில் சான்றிதழ் மட்டும் திருமணத்தை உண்டாக்காது என்று உச்ச நீதிமன்றம் 2024இல் தெளிவுபடுத்தியது. சடங்கு வேண்டாதவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் உண்டு: மணமக்களில் ஒருவரேனும் 30 நாளாவது வசித்த மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் அறிவிப்பு (மணம் புரியும் எண்ணத்தைத் தெரிவிக்கும் எழுத்து) கொடுத்து, அது வெளியிடப்பட்டபின் 30 நாள் பொறுத்து, மூன்று சாட்சிகள் முன்னிலையில் உறுதிமொழி கூறிக் கையொப்பமிட வேண்டும். 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டமாகிவிட்டதால், பழைய சித்தூர் மாவட்டத்துக் காதலர்கள் தம் ஊர் இப்போது எந்த மாவட்டம் என்பதை முதலில் விசாரிப்பது நல்லது.