பொடி சாரின் ஏழு டப்பாக்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை துறையூர் பஸ் புளியஞ்சோலையில் வந்து நின்றதும் முதலில் இறங்குவது ஒரு மஞ்சள் பை. பின்னாலேயே பொடி சார். கல்லூரிப் பையன்கள் சட்டையைக் கழற்றியபடியே தண்ணீரைப் பார்த்து ஓட, அவர் நிதானமாக ஐயாற்றங்கரைப் பாறையொன்றில் துண்டை விரித்து, பையிலிருந்து ஏழு டப்பாக்களை எடுத்து வரிசையாக வைப்பார். இரண்டு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்கள், ஒரு மூக்குப்பொடி டப்பா, மிச்சமெல்லாம் மகள் கல்யாணத்துக்கு வாங்கியதில் மீந்த எவர்சில்வர் சம்படங்கள். எதன்மேலும் எழுத்து கிடையாது. எது கடுக்காய், எது ஆவாரம்பூ, எது நாவல்கொட்டை என்பது அவர் மூக்குக்கு மட்டும் தெரிந்த ரகசியம். ஜலதோஷம் பிடித்திருந்த ஒரு சமயம் மூன்று நாள் திரிகடுகத்துக்குப் பதில் சீயக்காயைச் சாப்பிட்டார் என்று அவர் மனைவி சொல்கிறார். சார் அதை மறுப்பதில்லை. “வயிறு சுத்தமாச்சே” என்கிறார்.

பொடி சார் என்பது ஒரு ஆளின் பெயரல்ல. ஓய்வூதியமும் சர்க்கரை வியாதியும் ஒரே வருஷத்தில் கைக்கு வந்த யாரும் பொடி சார் ஆகலாம். துறையூரில் இருக்கிறார், நாமக்கல்லில் இருக்கிறார், தாம்பரத்தில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். டொராண்டோவுக்கு மகன் வீட்டுக்குப் போகும்போது உள்பனியனுக்குள் பொட்டலம் சுருட்டிக்கொண்டு போகிறவரும் அவரே. ஆனால் அவரை முழு உருவத்தில் பார்க்க வேண்டுமென்றால் புளியஞ்சோலைக்குத்தான் வர வேண்டும். கொல்லிமலை நாமக்கல் மாவட்டம். அதன் அடிவாரமான இந்தச் சோலை திருச்சி மாவட்டம். மேலே ஆகாய கங்கையாக விழுகிற ஐயாறு கீழே இங்கே வந்துதான் மூச்சு வாங்குகிறது. கோரக்கர் குகை இருக்கிற மலை, சித்தர்கள் உலவிய மலை. “குகையைக் கழுவிட்டு வர்ற தண்ணி தம்பி இது. இதுக்கு யார்கிட்ட லைசென்ஸ் வாங்கறது?” என்பது அவருடைய முதல் கேள்வி.

கேட்கிறவர் யாரென்று தெரிந்தால் கேள்வியின் ருசி கூடும். முப்பத்து மூன்று வருஷம் அரசாங்க அலுவலகத்தில் தபால் பிரிவில் உட்கார்ந்திருந்தவர் பொடி சார். மூன்று நகல் இல்லாத மனுவை அவர் மேஜை கண்டதில்லை. கெஜட்டட் அதிகாரி பச்சை மையில் கையெழுத்துப் போடாத ஜெராக்ஸை விரல் நுனியால் தள்ளிவிடுவார். இன்றைக்கும் பால் பாக்கெட்டில் தேதி பார்க்காமல் வாங்க மாட்டார். பேரனுக்கு ஹெல்மெட் வாங்கினால் ஐஎஸ்ஐ முத்திரையைத் தடவிப் பார்ப்பார். சமாச்சாரம் மூலிகை என்றால் மட்டும் முத்திரை, தேதி, நகல் மூன்றும் வெள்ளைக்காரன் சூழ்ச்சி ஆகிவிடும்.

அவருடைய பரம எதிரி ஒரு பதினான்கு இலக்க எண். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006-இல் வந்தது. விதிகள் 2011 ஆகஸ்டில் அமலுக்கு வந்தன. அந்த விதிகளின்படி, ஆண்டு வியாபாரம் 12 லட்சத்துக்குள் இருந்த சின்னக் கடைக்காரர் வருஷத்துக்கு நூறு ரூபாய் கட்டிப் பதிவு செய்தால் போதுமாயிருந்தது. அதற்கு மேல் போனால் உரிமம். இரண்டுக்கும் அந்தப் பதினான்கு இலக்கம் உண்டு. தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அப்போது இந்தச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தன. பெட்டிக்கடைக்காரர் பாரம் நிரப்புவாரா, வியாபாரம் பார்ப்பாரா என்றார்கள். உரிமம் இல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம் என்ற ஷரத்தைக் காட்டி, இது அதிகாரிகளின் சட்டைப்பையை நிரப்பும் சட்டம் என்றார்கள். கெடு தள்ளிப்போயிற்று, மறுபடியும் தள்ளிப்போயிற்று, கடைசியில் 2016 வரை வந்தது. அந்தப் போராட்டத்தில் தாமும் இருந்ததாகப் பொடி சார் சொல்லிக்கொள்வார். அவர் இருந்தது கடையடைப்பு அன்று டீ கிடைக்காமல் திண்டாடியவர்களின் பக்கத்தில்.

பேச்சு தொடங்கினால் அவர் வழக்கமாகப் போகிற பாதை ஒன்று உண்டு. முதல் நிறுத்தம் மஞ்சள். புண்ணாற்றும் மஞ்சளுக்கு 1995-இல் அமெரிக்காவில் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையம் காப்புரிமை வாங்கியதும், நம்முடைய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் பழைய நூல்களைக் காட்டி வாதாடி 1997-இல் அதை ரத்து செய்யவைத்ததும் உண்மை. அடுத்த நிறுத்தம் வேம்பு. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் கொடுத்த உரிமை 2000-இல் ரத்தாகி, மேல்முறையீட்டிலும் 2005-இல் தோற்றது. அதுவும் உண்மை. மூன்றாவது நிறுத்தத்தில்தான் வண்டி தடம் மாறும். “ஆக, நம்ம மஞ்சளை அவன் திருடப் பார்த்தான். அதனால நம்ம ஆபீசர் என் டப்பாவைத் திறந்து பார்க்கக் கூடாது.” இந்த “அதனால”வுக்கும் அதற்கு முந்தைய வாக்கியத்துக்கும் நடுவே எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. சார் ஒரே தாவலில் தாவிவிடுவார்.

2017 அக்டோபரில் டெங்குக் காய்ச்சல் பரவியபோது, ஆராய்ச்சி முடியும்வரை நிலவேம்புக் குடிநீரை விநியோகிக்க வேண்டாம் என்று கமல்ஹாசன் தம் ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். அன்று முதல் பொடி சார் கமல் படம் பார்ப்பதில்லை. அந்தக் குடிநீரில் ஒன்பது சரக்குகள் என்பதும், அதைத் தெருத்தெருவாகக் கொடுத்ததே அரசாங்கம்தான் என்பதும் அவருக்கு அத்துப்படி. அரசு கொடுத்தால் அது சித்தர் அருள். அதே அரசு சோதித்தால் சித்தர் அவமதிப்பு.

இந்த விஷயத்தில் நம் சாருக்கு அமெரிக்காவில் ஒன்றுவிட்ட சகோதரர்கள் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் வைட்டமின் மாத்திரைகளின் வாக்குறுதிகளை அங்கே அரசு இறுக்கப் பார்த்தது. உடனே ஒரு விளம்பரம் வந்தது: ஆயுதம் தாங்கிய அதிகாரிகள் நடிகர் மெல் கிப்சன் வீட்டுக்குள் புகுந்து அவர் கையிலிருக்கும் மாத்திரைப் புட்டியைப் பிடுங்க வருவார்கள், வெறும் வைட்டமின் சி என்று அவர் முறையிடுவார். காங்கிரஸ் உறுப்பினர்களின் அலுவலகங்களில் கடிதங்கள் மலையாகக் குவிந்தன. 1994-இல் வந்த சட்டம், பொதுவாக இத்தகைய பொருள்கள் சந்தைக்கு வருமுன் அரசின் ஒப்புதல் வாங்கத் தேவையில்லை என்ற நிலையை உறுதிசெய்தது. இந்தக் கதையைச் சொன்ன அன்று பொடி சார் மூன்று முறை கைதட்டினார். மஞ்சள் திருடிய அமெரிக்கா அன்றைக்கு மட்டும் மன்னிக்கப்பட்டது.

அவர் சொல்வதெல்லாம் அபத்தமும் இல்லை. சின்ன மீன்தான் வலையில் மாட்டுகிறது என்பார். எடுத்துக் காட்டவும் ஆதாரம் வைத்திருக்கிறார். ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்து விளம்பரங்களுக்கு மாநில அதிகாரியின் முன்அனுமதி வேண்டும் என்று 2018 டிசம்பரில் 170-ஆம் விதி வந்தது. 2023 ஆகஸ்டில், அதன்படி நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதியது. 2024 ஜூலையில் விதியையே எடுத்துவிட்டார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை நிறுத்திவைத்தது. அடுத்த ஆகஸ்டில் வழக்கு முடிந்தபோது அந்தத் தடையும் போயிற்று. “பேப்பர்ல பக்கம் பக்கமா விளம்பரம் போடறவனுக்கு ஒரு நியாயம், கூடையில கிழங்கு விக்கிற பொம்பளைக்கு ஒரு நியாயமா?” என்று அவர் கேட்கும்போது குளிக்கப் போன பையன்கள்கூட நின்று தலையாட்டுவார்கள்.

தலையாட்டுகிறவர்களிடம் உடனே அட்டை நீளும். மனு. “மூலிகைப் பொருட்களுக்கு உரிமம், பரிசோதனை, லேபிள் கூடாது.” கூடவே நூலில் கட்டிய பேனா. வரிசை எண், பெயர், தகப்பனார் பெயர், முழு முகவரி, செல் நம்பர், கையெழுத்து என ஆறு பத்தி. தகப்பனார் பெயர் எழுதாத கையெழுத்துகளை சார் அடித்துவிடுகிறார்.

அவரை மிகவும் புண்படுத்துவது ஒரே ஒரு வாசகம். 2016-இல் அறிவிக்கப்பட்டு 2018 ஜனவரியில் அமலுக்கு வந்த ஊட்டச்சத்துத் துணைப்பொருள் விதிகளின்படி, இந்த வகைப் பொருளின் லேபிளில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று எடுப்பாக அச்சிட வேண்டும். “மருந்தை வித்துட்டு மருந்தில்லைன்னு எழுதணுமாம்!” 1954-ஆம் ஆண்டின் மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டம் அவரை இன்னும் கொதிக்கவைக்கும். குணமாக்குவேன் என்று விளம்பரம் செய்யக் கூடாத நோய்கள் என அதன் அட்டவணையில் 54 இருக்கின்றன. பொடி சாரின் ஏழு டப்பாக்களும் சேர்ந்து அதைவிடச் சற்று அதிகமாகவே குணமாக்கும்.

டப்பாவைத் திறந்து பார்க்க நினைப்பவர்களிடமும் சில கதைகள் உண்டு. பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்ததில் 14-இல் ஈயமோ, பாதரசமோ, ஆர்செனிக்கோ இருந்ததை 2004-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அதற்குப் பத்தாண்டுக்கும் முன்னால் பிரஸ்ஸல்ஸில் உடம்பு இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களில் நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. யாரும் விஷம் வைக்கவில்லை. சீனப் பெயர்கள் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்ததால் ஒரு மூலிகை இருக்க வேண்டிய இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துவிட்டது. அப்படி வந்தது நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையின் சொந்தக்காரச் செடி. ஆடே தீண்டாது என்று பெயரிலேயே எச்சரிக்கை எழுதி வைத்தவர்கள் நம் முன்னோர்கள். அந்த லேபிளை சாரும் ஒப்புக்கொள்கிறார்.

சார் சோதனைக்கே விரோதி என்று நினைத்துவிடக் கூடாது. அவரைப்போலச் சோதிக்கிறவர் ஊரில் இல்லை. படிக்கட்டோரம் முடவாட்டுக்கால் சூப் விற்கும் மலைக்கார அம்மாவின் கடையில் அது நடக்கும். பாறையிலும் மரத்திலும் பற்றி வளரும் ஒருவகைப் பெரணியின் தண்டு அது. பழுப்பு ரோமத்தோடு ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். ரோமம் போகச் சீவி, மிளகு சீரகத்தோடு கொதிக்கவைத்தால் சைவ ஆட்டுக்கால் சூப். சார் ஒரு டம்ளர் குடிப்பார். பிறகு தேன் பாட்டிலை எடுப்பார். டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விடுவார், செய்தித்தாளில் ஒரு சொட்டு. தீக்குச்சியை முக்கிக் கொளுத்துவார். 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டு தேனைச் சோதித்தபோது எல்லாச் சோதனையிலும் தேறியவை மூன்றுதான். வழக்கமான ஆய்வகச் சோதனைக்கே கண்ணைக் கட்டும் சர்க்கரைப் பாகு கலந்திருந்தார்கள். “பாத்தியா, லேபையே ஏமாத்திட்டான்” என்று சொல்லிக்கொண்டே சார் இரண்டாவது தீக்குச்சியைக் கிழிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனுவை அந்த அம்மாவிடம்தான் முதலில் நீட்டினார். போராட்டமே அவளுக்காகத்தானே.

“நமக்கு வேணாங்க சார்” என்றாள் அவள். “நூறு ரூபா கட்டி எடுத்தாச்சு.” அடுப்புக்குப் பின்னால் பிளாஸ்டிக் உறைக்குள் பதினான்கு இலக்கமும் தொங்கிக்கொண்டிருந்தது. “பொண்ணு கம்ப்யூட்டர் சென்டர்ல போட்டுக் குடுத்துச்சு. பேப்பரைக் காட்டுனா யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல.”

சார் ஒரு நிமிஷம் தடுமாறினார். ஆனால் சுற்றிலும் ஈரத்தலையோடு ஆறேழு பையன்கள். மடியிலிருந்து இரண்டு இலைகளை எடுத்தார். பஸ் நிறுத்தத்திலிருந்து வரும் வழியில் வேலியில் பறித்தவை. “இது பேரு சிறுகுறிஞ்சான். மென்னுட்டுச் சர்க்கரையை வாயில போட்டா மணல் மாதிரி இருக்கும். இந்த இலைக்கு எந்த ஆபீசர் சர்டிபிகேட் தரணும்?” இலையைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, குறிஞ்சானில் இருக்கும் ஒரு பொருள் நாக்கில் இனிப்பைக் கொஞ்ச நேரத்துக்கு மழுங்கடித்துவிடும். மென்றார். கண்ணை மூடினார். “ஏம்மா, ஒரு டீ. சர்க்கரை தூக்கலா.”

டீ வந்தது. உறிஞ்சினார். பையன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீ பாயசம் மாதிரித் தித்தித்தது.

“சார், அது குறிஞ்சான் இல்லீங்க” என்றாள் அம்மா, சூப்பைக் கிண்டியபடியே.

“பின்ன என்னம்மா இது?”

“என்னமோ வேலிக்கொடி. பேரு தெரியாதுங்க. எங்க ஆடு வாய் வைக்காது.”

சார் ஐயாற்றில் இறங்கி எட்டு முறை வாய் கொப்பளித்தார். திரும்பி வந்து பாறையில் உட்கார்ந்தவர் வெகுநேரம் ஏழு டப்பாக்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனு அட்டையின் கடைசித் தாளை உருவி, நீளவாக்கில் ஏழு துண்டாகக் கிழித்தார். நூலில் கட்டிய பேனாவை எடுத்து முதல் துண்டில் ‘கடுக்காய்’ என்று எழுதி, பக்கத்தில் தேதியும் போட்டார். இரண்டாவது சம்படத்தைத் திறந்து முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். எழுந்து சூப்புக் கடைக்குப் போனார்.

“ஏம்மா, இது என்னன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லு.”