மூன்று வருடத்து அறிவு

பால் பாக்கெட்டில் தேதி போட்டிருப்பது தெரியும். அறிவுக்கும் அப்படி ஒரு தேதி உண்டு என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது ஐடி உலகம்தான். சிஸ்கோவின் சிசிஎன்ஏ சான்றிதழ் 3 வருடம் கெடாது. அமேசான் கிளவுடுக்கும் அதே 3. அஷ்யூர் பக்கம் போனால் பல சான்றிதழ்களுக்கு ஒரே வருடம். புதுப்பிக்கக் காசு கிடையாது என்பதால் பரவாயில்லை. குபர்னெட்டிஸ் நிர்வாகி சான்றிதழுக்கும் 3 வருடமாகத்தான் இருந்தது. 2024 ஏப்ரலிலிருந்து தேறுகிறவர்களுக்கு 2 வருடத்திலேயே மறந்துவிடும் போலிருக்கிறது.

இந்தச் சான்றிதழ்களுக்கு வீட்டிலிருந்தே பரீட்சை எழுதலாம் என்றார்கள். என் அண்ணன் மகன் மேஜையைக் காலி செய்து, லேப்டாப்பைத் தூக்கி நான்கு சுவரையும் கேமராவுக்குக் காட்டினான். "அது என்ன பேப்பர்?" என்றார், எந்த ஊரிலிருந்தோ கண்காணித்தவர். முருகன் காலண்டர். கழற்றினான். முப்பதாவது கேள்வியில் அண்ணி கதவைத் திறந்து, "தோசைக்குச் சட்னியா, பொடியாடா?" என்றார். பரீட்சை அங்கேயே ரத்து. கட்டின பணமும் போச்சு.

விடாமல் எழுதி இப்போது ஏழு சான்றிதழ் வைத்திருக்கிறான். லிங்க்ட்இன்னில் அவன் பக்கம் கல்யாண வீட்டுச் சீர்வரிசை மாதிரி இருக்கும். போன வாரம் நேர்முகத் தேர்வில், "ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் படுத்துடுச்சு, முதல்ல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்களாம்.

"நாலு ஆப்ஷன் கொடுங்க சார்" என்றிருக்கிறான்.

எட்டாவது பரீட்சை வருகிற ஞாயிற்றுக்கிழமை. அன்று காலையிலேயே கோயிலுக்குக் கிளம்பிவிடுவதாக அண்ணி சொல்லியிருக்கிறார்.