பட்டா இருக்கா அங்கிள்?

ஸ்டம்ப் நடுவதற்கு என் கொய்யா மரத்தில் கிளை ஒடித்தார்கள். பொறுத்துக்கொண்டேன். களத்தில் காயப்போட்டிருந்த காப்பியை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பிட்ச் போட்டார்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டு வாசலில், என் நாற்காலியில், நான் காசு கொடுத்து வாங்கிய பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, ஒரு பொடியன் பேட்டை உயர்த்தி ஆட்டத்தையே நிறுத்திவிட்டு, "அங்கிள், கொஞ்சம் உள்ள போங்க. வெள்ளைச் சட்ட போட்டிருக்கீங்க, பால் தெரியல" என்றானே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தேன். வேறென்ன செய்ய? பையன் தொண்ணூற்றுச் சொச்சத்தில் ஆடிக்கொண்டிருந்தான்.

இந்தத் தொல்லைக்கு நான் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். செலவில்லாத வழி, சட்டத்துக்கு உட்பட்ட வழி, அக்கம்பக்கத்தில் யார் மனமும் நோகாத வழி. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால் எங்கள் ஊர் நிலவரம் உங்களுக்குத் தெரியவேண்டும்.

பந்தலூரில் தட்டையான இடம் கிடையாது. நீலகிரியிலேயே குறைவு, எங்கள் பக்கம் இன்னும் குறைவு. பஸ் நிற்கிற இடம் தட்டை. அங்கே பஸ் நிற்கிறது. பள்ளிக்கூட மைதானம் தட்டை. அதற்குப் பூட்டு உண்டு. அதற்கப்புறம் சிமென்ட் பூசி, மட்டம் பார்த்து, காப்பி காயப்போடவென்று நான் கட்டிய களம். மற்றதெல்லாம் சரிவு. சரிவில் தேயிலை நிற்கும், பந்து நிற்காது. லெக் சைடில் லேசாகத் தட்டினால் போதும், பந்து தேயிலைக்குள் இறங்கி ஓடைக்குப் போய்விடும். எங்கள் ஓடைகளில் பல சாலியாற்றில் சேர்பவை. அதாவது, அடித்தவனே போய் எடுக்கவேண்டும் என்ற தேசிய விதியை இங்கே அமல்படுத்தினால், பையன் கோழிக்கோட்டுக் கடற்கரையில்தான் கரையேறுவான்.

ஆகவே என் களம். ஜனவரி, பிப்ரவரியில் காப்பிப் பழம் பறித்து அதில் பரப்புகிறோம். பகலில் நாலைந்து தடவை கிளறிவிட்டு, பனி இறங்குமுன் குவித்து மூடவேண்டும். வாரக்கணக்கில் நடக்கிற வேலை. சரியாக அந்த வாரங்களில்தான் கிரிக்கெட் சீசன். ஜூனில் மழை தொடங்கினால் கால்பந்து. தென்மேற்குப் பருவமழையில் தமிழ்நாட்டில் அதிகம் கொட்டுகிற இடங்களில் பக்கத்திலிருக்கும் தேவாலாவும் ஒன்று என்பதால், கூடலூர், பந்தலூர் தாலுகாக்களுக்கு மட்டும் விடுமுறை என்று கலெக்டர் அடிக்கடி அறிவிப்பார். மழையில் பிள்ளைகள் பத்திரமாக வீட்டில் இருக்கட்டும் என்ற நல்லெண்ணம் அது. அந்த நல்லெண்ணம் மெசேஜாக வந்த பத்தாவது நிமிடம், இரண்டு அணிகளும் முழங்கால் வரை சேறோடு என் களத்தில் இருக்கும். அட்டைக்கடிக்கு உப்பு கேட்டு அடுக்களைப் பக்கமும் வந்து நிற்கும்.

சத்தத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மும்மொழிக் கொள்கையா இருமொழிக் கொள்கையா என்று சென்னையும் டெல்லியும் அடித்துக்கொள்கின்றன. என் களத்தில் அது என்றைக்கோ தீர்ந்துபோன விஷயம். பந்து போடுவது தமிழில், திட்டுவது மலையாளத்தில், அவுட் கேட்பது ஆங்கிலத்தில். ஜார்க்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் சேர்ந்த பிறகு, ரன் ஓடுவது இந்தியில். இத்தனைக்கும் யாரும் எனக்கு நிதி ஒதுக்கவில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளைச் சட்டைக்கு மறுநாள், "இது பிரைவேட் பிராப்பர்ட்டி, தெரியுமா?" என்று கேட்டேன். என் இங்கிலீஷைக் கேட்டு ஃபீல்டர்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். விக்கெட் கீப்பராக நின்றிருந்தவன், ஏழாவது படிப்பான் என்று நினைக்கிறேன், கையைக் கட்டிக்கொண்டு, ரொம்ப மரியாதையாக, "பட்டா இருக்கா அங்கிள்?" என்றான்.

மற்ற ஊர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வியின் கூர்மை புரியாது. மதுரையிலோ தஞ்சாவூரிலோ ஒருவரைக் கேட்டால் பீரோவைத் திறந்து எடுத்து மூஞ்சிக்கு நேரே நீட்டுவார். பந்தலூரில் ஒருவரிடம் வயதைக் கேட்கலாம், சம்பளத்தைக் கேட்கலாம், பெண்டாட்டி ஏன் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள் என்றுகூடக் கேட்கலாம். பட்டாவைக் கேட்கக்கூடாது.

ஏனென்றால் இந்த மலை முதலில் நிலம்பூர்க் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்மம், அதாவது பரம்பரைச் சொத்து. பணியர்களும் குறும்பர்களும் அதற்கு முன்பிருந்தே இங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் கையெழுத்து வாங்கியதாகத் தெரியவில்லை. பிறகு வெள்ளைக்காரன் கோவிலகத்திடம் குத்தகை வாங்கிக் காப்பி போட்டான். 1880 வாக்கில் தேவாலா, பந்தலூர்ப் பக்கம் தங்கம் கிடைக்கிறது என்று ஒரு செய்தி கிளம்பி, லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாகப் பங்கு விற்றார்கள். தங்கம் வந்ததோ இல்லையோ, இயந்திரம் வந்தது, மேனேஜர் வந்தார். கொஞ்ச வருடத்தில் எல்லாரும் போட்டதைப் போட்டபடி போய்விட்டார்கள். பிறகு தேயிலை. 1964-ல் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, இலங்கைத் தோட்டங்களில் இருந்த எங்களில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தார்கள். தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்துகொண்டு வந்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். எங்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு 1968-ல் இங்கே தேயிலை போட ஆரம்பித்தது. அதுதான் இன்றைய டேன்டீ. அந்தக் குளிரில், அட்டைக்கடியோடு அப்பா நட்ட செடி… சரி, அது வேறு கட்டுரை.

1969-ல் கூடலூர் ஜன்ம நில ஒழிப்புச் சட்டம் வந்தது. உச்ச நீதிமன்றம் வரை போய், அமலுக்கு வர 1974 ஆயிற்று. சுமார் 80,000 ஏக்கர். ஜன்மி போனார், ஆனால் அவர் குத்தகைக்கு விட்ட தோட்டங்கள்? அதற்குத்தான் பிரிவு 17. பிரிவு 17 என்றால் எங்கள் ஊரில் பால்குடி மறக்காத குழந்தைக்கும் தெரியும். அந்தப் பிரிவில் மாட்டிய நிலம் ஜன்மிக்கும் இல்லை, குத்தகைக்காரருக்கும் இல்லை, குடியிருப்பவருக்கும் இல்லை, அரசுக்கு என்றால் அதற்கும் வழக்கு. இதற்கிடையில் வனத்துறை வந்து, இதெல்லாம் காடு என்றது. 1995-ல் நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, எங்கள் பக்கத்துக் காட்டில் மரம் வெட்டுகிறார்கள் என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 12-ஆம் தேதி வந்த உத்தரவில் இந்தியா முழுவதும் காட்டுச் சட்டமே வேறாகிப்போனது. கவனியுங்கள்: அந்த ஒரு மனிதர் கூடலூர்க் காட்டைப் பற்றிப் புகார் சொல்லி அருணாசலப் பிரதேசத்தில் ரம்பத்தை நிறுத்தினார். நான் இருபது அடி தூரத்திலிருந்து கத்தி ஓர் ஓவரை நிறுத்த முடியவில்லை.

என் பீரோவில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். வீட்டுவரி ரசீது இருக்கிறது. கரண்ட் பில், ரேஷன் கார்டு, எனக்கு விற்றவர் எழுதிக்கொடுத்த ஒப்பந்தம், அவருக்கு விற்றவர் எழுதிக்கொடுத்த ஒப்பந்தம், பட்டா கேட்டு நான் எழுதிய மனுக்களின் நகல்கள், மனு கிடைத்தது என்று வந்த பதில்கள். ஒரு கோப்பு முழுக்க இருக்கிறது. அதைப் போய் விக்கெட் கீப்பரிடம் காட்டவா? அவன் வீட்டிலும் இதே கோப்புதான் இருக்கும். இல்லாவிட்டால் அந்த வயதில் அந்தக் கேள்வி வராது.

யானையிடம் யாராவது பட்டா கேட்டார்களா? அரிசி ராஜா என்று எங்கள் ஊரில் ஒரு மக்னா, தந்தமில்லாத ஆண் யானை, இருந்தது. ராத்திரி வந்து சுவரை இடித்து அரிசியை எடுத்துத் தின்றுவிட்டுப் போகும். 2022 டிசம்பரில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து முதுமலைக் காட்டில் விட்டார்கள். அது அங்கிருந்து நடந்தே கேரளத்துக்குப் போய், ஜனவரியில் சுல்தான் பத்தேரி டவுன் ரோட்டில் ராத்திரி உலா வந்தது. மாநில எல்லையே அதற்குப் பொருட்டில்லை, என் வேலி எம்மாத்திரம்! என் வாழையை யானை தின்றபோது நான் ஜன்னலைச் சாத்தி, லைட்டை அணைத்து, மூச்சைக்கூட அளந்துதான் விட்டேன். மறுநாள் சாயங்காலம் என் ஓட்டில் பந்து விழுந்ததும் புலியாகப் பாய்ந்து வெளியே வந்தேன். என் வீட்டுக்காரி இதைக் குறித்து வைத்திருக்கிறாள். யானை உடைத்தால் வனத்துறைக்கு மனுவாவது போடலாம், ரப்பர் பந்துக்கு எந்தத் துறை என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை.

சட்டத்தையும் பார்த்துவிட்டேன். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல்தான் வரம்பு. மொபைலில் அளக்கிற செயலி ஒன்றை இறக்கி, ஓர் இன்னிங்ஸ் முழுக்க ஜன்னலில் வைத்தேன். அந்த விளையாட்டின் அதிகபட்ச அளவு, "டேய்!" என்று நான் கத்தியபோது பதிவானது. செயலியை நீக்கிவிட்டேன்.

கிரிக்கெட் பிறந்த இங்கிலாந்தாவது கைகொடுக்குமா என்று பார்த்தேன். 1947-ல் மான்செஸ்டர் பக்கம் மைதானத்திலிருந்து பறந்து வந்த ஒரு சிக்ஸர், வெளியே ரோட்டில் நின்ற மிஸ் ஸ்டோன் என்ற அம்மாவின் மேல் விழுந்தது. வழக்கு பிரபுக்கள் சபை வரை போய், 1951-ல் கிளப்தான் ஜெயித்தது. முப்பது வருடத்தில் ஏதோ ஆறு தடவைதானே பந்து வெளியே போயிருக்கிறது என்றார்கள். என் வீட்டில் அது ஓர் ஓவர் கணக்கு. லின்ட்ஸ் கிராமத்தில் மைதானத்தை ஒட்டி வீடு வாங்கிய தம்பதி வழக்குப் போட்டார்கள். 1977-ல் கோர்ட் 400 பவுண்டு கொடுக்கச் சொன்னது. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. ஜெர்மனியோ 2011-ல் சட்டத்தையே திருத்தி, பாலர் பள்ளியிலும் விளையாட்டுத் திடலிலும் குழந்தைகள் போடும் சத்தம் பொதுவாகத் தொந்தரவாகாது என்று எழுதிவிட்டது. ஜப்பானில்தான் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நாகானோ நகரத்தில் பெரும்பாலும் ஒரே வீட்டிலிருந்து வந்த புகாருக்காக, 2023-ல் ஒரு பூங்காவையே மூடினார்கள். அதைக் கேள்விப்பட்டு நாடு முழுக்க அந்த வீட்டுக்காரரைத் திட்டித் தீர்த்தது. அந்த ஆளை நினைத்தால் எனக்குக் கூடப்பிறந்தவர் மாதிரி இருக்கிறது.

பெற்றோர்களிடம் பேசலாமே என்பீர்கள். பேசப் போனேன். பக்கத்து வீட்டுச் சேச்சி சாயா போட்டுக் கொடுத்துவிட்டு, "இங்கேருந்து பார்த்தா உங்க களம் நல்லாத் தெரியுது சேட்டா, அதான் அங்க அனுப்பறோம்" என்றார். 2024 ஜனவரியில் மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை தூக்கிய ஊர் இது. தேயிலைச் செடி இடுப்பளவுதான் இருக்கும், ஆனால் அதற்குள் என்ன படுத்திருக்கிறது என்று தெரியாது. கண்ணுக்குத் தெரிகிற சிமென்ட் தரையில் பிள்ளை நிற்கவேண்டும் என்று நினைக்கிற தாயிடம் காப்பியைப் பற்றி என்ன பேசுவது? சாயாவைக் குடித்துவிட்டு வந்தேன். சர்க்கரை அதிகம்.

என் வீட்டுக்காரிக்கு வேறு கணக்கு. பையன்கள் கத்துவதால் குரங்கு வருவதில்லையாம், காட்டுப்பன்றி இருட்டிய பிறகுதான் வருகிறதாம். ஃபீல்டர்கள் ஓடுவதில் காப்பி தானாகக் கிளறப்படுவதால் ஓர் ஆள் கூலி மிச்சமாம். அந்த ஃபீல்டர்களின் கால் எங்கெல்லாம் போய்விட்டு வருகிறது என்பதை நான் எடுத்துச் சொன்னேன். வறுத்தால் எல்லாம் போய்விடும் என்றாள். எங்கள் ஊர்க் காப்பியை இனிமேல் குடிப்பவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடவும்.

நடுவில் என்னையும் சேர்த்துக்கொண்டு பார்த்தார்கள். ஓர் ஆள் குறைந்த அன்று ஒப்புக்குச் சப்பாணியாக இரண்டு பக்கமும் ஃபீல்டிங். பேட்டிங் தருவதாகச் சொன்னார்கள். இருட்டிவிட்டது என்று முடித்துவிட்டார்கள். மணி ஐந்தேகால்.

வழி சொல்கிறேன் என்றேனே, அதற்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன். ஆனால் நேற்று மளிகைக்குப் போனால் முக்கில் ஒரு ஃப்ளெக்ஸ். மாபெரும் டென்னிஸ் பந்து கிரிக்கெட் போட்டி, அணிக்கு நுழைவுக் கட்டணம் 150 ரூபாய். இடம்: அங்கிள் களம். கீழே தோனியும் கோலியும் நிற்க, அவர்களுக்கு நடுவில் கைகூப்பியபடி நான். ரேஷன் கார்டுக்கு எடுத்த படம். என் வீட்டுக்காரி கொடுத்திருக்கிறாள். கூப்பிய கை என்னுடையது அல்ல, ஏதோ ஒரு கட்சிக்காரருடையது, மோதிரம்கூட இருக்கிறது. முதல் பரிசு நாட்டுச்சேவல், உபயம்: அங்கிள். எந்தச் சேவல் என்று விசாரித்ததில், எங்கள் சேவல்தான்.

நுழைவுக் கட்டணத்தில் எனக்கு எவ்வளவு என்று விக்கெட் கீப்பரைக் கேட்டேன். "நீங்க ஸ்பான்சர் அங்கிள்" என்றான். ஸ்பான்சருக்குப் பங்கு கிடையாதாம். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குள் காப்பியை அள்ளிவிடவும் சொன்னான்.