அரும்பு, மொட்டு, வெள்ளம்

பிள்ளை படிக்க வேண்டும், அடங்கி உட்கார வேண்டும், வீட்டுப்பாடம் எழுதி வர வேண்டும். ஓர் இடைநிலை ஆசிரியர் ஆண்டவனிடம் கேட்பது இவ்வளவுதான். சிதம்பரத்தில் குடியிருப்பதால் கேட்பதற்கு எனக்கு வசதியும் உண்டு. காலையில் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் கடலூர் பஸ்ஸில் ஏறுகிறேன். நடராசரும் தூக்கிய காலைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொள்கிறார். பதில் சொன்னதில்லை.

புதுச்சத்திரம் பக்கம் நான் இறங்கும் ஊரில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஈராசிரியர் பள்ளி. முதல் மூன்று வகுப்புகள் என் தலையில். நான்கு, ஐந்து, அலுவலகம், தண்ணீர் மோட்டார் ஆகிய நான்கும் தலைமையாசிரியை தலையில். இதில் மோட்டார்தான் சொன்ன பேச்சைக் கேட்காது என்பார் அவர்.

ஜூனில் பள்ளி திறந்ததும் கூட்டம் போட்டு எங்கள் எதிர்பார்ப்புகளை வாசிப்பது வழக்கம். பெற்றோர் கூட்டம் என்று பெயர், வருவதெல்லாம் ஆயாக்கள். அப்பா கொத்து வேலைக்குப் போயிருப்பார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருப்பார். ஆயாதான் வெற்றிலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, இந்த வாத்தியார் இந்த வருஷமாவது புதுசாக ஏதாவது சொல்கிறானா என்று பார்ப்பார்.

"பிள்ளையை ஒன்பது மணிக்குள் அனுப்பிடுங்க" என்று ஆரம்பித்தேன்.

"ஒம்போதா? அவன் எட்டுக்கே ஓடியாந்துடுறானே சார். தலைகூட வாரவுடறதில்ல."

உண்மைதான். 2022 செப்டம்பரில் மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கி, 2023 ஆகஸ்டில் திருக்குவளையிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. அன்றோடு நேரந்தவறாமை என்ற பாடத்தை நான் நடத்துவதில்லை. ஆத்திசூடி முதல் அப்துல் கலாம் வரை மேற்கோள் காட்டி என்னால் முடியாததை ஒரு தட்டு ரவா உப்புமா முடித்துக் காட்டியது. ஒரே சிக்கல், பொங்கல் போடும் நாள். அன்றைக்கு முதல் பாடவேளையில் மூன்றாம் வகுப்பு மொத்தமும் யோக நித்திரையில் இருக்கும். மிளகும் நெய்வாசனையும் சேர்ந்த பொங்கலுக்கு முன்னால் பெருக்கல் வாய்ப்பாடு என்ன செய்யும்? நானே ஏழாம் வாய்ப்பாட்டில் கொட்டாவி விடுவேன்.

அடுத்தது படிப்பு. 2022 ஜூனிலிருந்து எண்ணும் எழுத்தும் திட்டம். பிள்ளைகளை வகுப்பு பார்த்து அல்லாமல் கற்ற நிலை பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம். எழுத்தே பிடிபடாதவன் மூன்றாம் வகுப்பில் இருந்தாலும் அரும்புதான். நல்ல திட்டம், மனமாரச் சொல்கிறேன். எல்லாரையும் ஒரே பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடிய காலத்தில் கடைசி வரிசை என்று ஒன்று இருந்ததே, அந்த வரிசை இதில் கலைந்தது. ஆனால் இதை ஓர் ஆயாவுக்கு விளக்க வேண்டும்.

"எம் பேரன் எப்படி சார் படிக்கிறான்?"

"மொட்டுல இருக்கான் ஆயா."

"அது பாஸா, பெயிலா?"

"எட்டாவது வரைக்கும் பெயில் கிடையாது ஆயா."

"அப்ப பூத்துடுவான்ல, முழுப்பரீட்சைக்குள்ள?"

எனக்கு முன் இந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. 1823-இல் பெல்லாரி கலெக்டர் கேம்பல், சென்னை மாகாண அரசுக்கு அன்றைய பள்ளிக்கூடங்களைப் பற்றி ஓர் அறிக்கை அனுப்பினார். விடிகாலையில் முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதி பெயரை எழுதுவார்களாம், மரியாதைக்கு. இரண்டாவதாக வருபவனுக்கு ஒரு சுழி. புகழும் இல்லை, இகழும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி. நான்காமவனுக்கு இரண்டு. அதற்குப் பின் வரும் ஒவ்வொருவனுக்கும் ஒவ்வோர் அடி கூடுதல். கணக்குப் பாடம் வாசலிலேயே தொடங்கிவிடுகிறது பாருங்கள்! படிக்காமல் சோம்பிக் கிடப்பவனுக்குக் கப்பிக் கயிற்றில் இரண்டு கைகளையும் கட்டிக் கூரையில் தொங்கல். அது வேண்டாமென்றால் மண்டியிட்டு எழுந்து, மண்டியிட்டு எழுந்து. நம் பக்கத்துத் திண்ணைப் பள்ளிகளில் இந்தத் தொங்கலுக்குக் கோதண்டம் என்று அழகாகப் பெயர் வைத்திருந்தார்கள்.

சிதம்பரத்துக்காரனாக ஆறுமுக நாவலரையும் சொல்லாமல் விடக் கூடாது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, 1864-இல் எங்கள் ஊரில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவர். பிள்ளைகளுக்காக அவர் எழுதிய பாலபாடங்களில் ஒன்றைத் திறந்து பார்த்தேன். கொலை, களவு, கள்ளுண்ணல், சூது என்று தலைப்புகள் போகின்றன. சின்னப் பையனிடம் அவருடைய எதிர்பார்ப்பு, கொலை செய்யாதே என்ற இடத்தில் தொடங்குகிறது! பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளாதே என்ற இடத்தைத்தான் நான் இன்னும் தாண்டவில்லை. அந்தத் தமிழ் நடை மட்டும் தனி அழகு, நம் பாடநூல்காரர்கள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

இப்போது பிரம்பு கிடையாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவு: உடலிலும் அடிக்கக் கூடாது, மனத்திலும் துன்புறுத்தக் கூடாது. இதில் எனக்கு மனத்தாங்கல் ஏதும் இல்லை. பிரம்பு பிடித்தவர்கள் எங்களுக்குக் கற்றுத் தந்தது பெரும்பாலும் பிரம்பைப் பற்றித்தான். ஆனால் சட்டம் போட்டவர்கள் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியிருக்கலாம். முறைத்துப் பார்ப்பது எதில் சேரும்? என்னிடம் மிஞ்சியிருக்கும் ஆயுதம் அது ஒன்றுதான். அதுவும் கண்ணாடி போட்ட பிறகு வேலை செய்வதில்லை. போன வாரம் ஒருவனை நன்றாக முறைத்தேன். "சார், கண்ணுல தூசா?" என்று கேட்டுவிட்டு, ஊதிவிட எழுந்து வந்தான்.

ஒழுக்கம் என்று தாளில் ஒரே சொல்லாக எழுதிவிடுகிறோம். வகுப்பில் அது வழக்காக வந்து நிற்கும். "சார், இவன் என் ரப்பரை மோந்து பாக்குறான்." "சார், இவ என்னைப் பாத்து மனசுக்குள்ள சிரிக்கிறா." "சார், அவன் எங்க ஆயா பேரைச் சொல்றான்." கடைசியாகச் சொன்னது பெரிய குற்றம். கடலூர் முதன்மை மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு நாளில் விசாரிப்பதை விட அதிக வழக்குகளை மத்தியானச் சாப்பாட்டு மணிக்குள் நான் முடித்துவைக்கிறேன். மேல்முறையீடு தலைமையாசிரியையிடம். அவர் மோட்டார் அறையில் இருப்பார்.

வீட்டுப்பாடத்துக்கு வருகிறேன். 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்றது. 2020-இல் வந்த பள்ளிப் பைக் கொள்கையும் அதையே சொல்லி, மூன்றிலிருந்து ஐந்து வரை வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டியது. இதனால் சில தனியார் பள்ளிகளில் வீட்டுப்பாடம் நின்றுபோய், 'ஆக்டிவிட்டி' வந்தது. என் மைத்துனர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறார். மகள் இரண்டாம் வகுப்பு. ராத்திரி எட்டரைக்கு வாட்ஸாப்பில் செய்தி வரும்: நாளைக் காலை தெர்மாகோலில் காற்றாலை, சுற்ற வேண்டும். மைத்துனர் ஹெல்மெட்டைக்கூட மறந்து திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனரிக் கடைக்குப் பறப்பார். அங்கே ஏற்கெனவே இன்னும் சில அப்பாக்கள் நிற்பார்கள். யாரும் பேசிக்கொள்வதில்லை, ஒருவர் கையில் இருக்கும் கடைசி தெர்மாகோல் அட்டையை மற்றவர்கள் பார்ப்பதோடு சரி. பதினொரு மணிக்குக் காற்றாலை சுற்றும். பிள்ளை ஒன்பதுக்கே தூங்கியிருக்கும். மறுநாள் அப்பாவுக்கு 'வெரி குட்', ஸ்டாருடன்.

வெள்ளம் வந்த வருஷமா இல்லாத வருஷமா என்று பார்க்காமல், வீட்டுப்பாடம் எழுதாததற்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சொல்லும் சாக்குக்கு முன்னால் அந்தக் காற்றாலையெல்லாம் நிற்க முடியாது. மற்ற மாவட்டத்து ஆசிரியர்கள் ஆடு தின்றது, தம்பி கிழித்தான் என்று கேட்டுவிட்டு முறைக்கலாம். கடலூர் மாவட்டத்தில் ஒரு பிள்ளை எழுந்து நின்று "நோட்டு வெள்ளத்துல போயிடுச்சு சார்" என்றால் என்ன செய்வீர்கள்? 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல். 2015-இல் மழை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கொட்டியது போதாதென்று சாத்தனூர் அணைத் தண்ணீரும் தென்பெண்ணையில் வந்து கடலூரை மூழ்கடித்தது. நோட்டு என்ன, கட்டிலே போன வீடுகள் உண்டு. சந்தேகப்பட்டுக் கேட்பதற்கு வாய் வருமா?

ஃபெஞ்சல் முடிந்து அடுத்த மார்ச்சில் ஒருவன் இதைச் சொன்னபோது மட்டும் கேட்டேன்.

"பெண்ணையாறு நம்ம ஊர்ப் பக்கமே வராதேடா?"

"நோட்டு எங்க மாமா வூட்ல இருந்துச்சு சார். கடலூர்ல."

"டிசம்பர்ல போன நோட்டுல மார்ச் வீட்டுப்பாடம் எப்படிடா இருக்கும்?"

கொஞ்சம் யோசித்தான். "அதான் சார் எழுதல."

இந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று சிதம்பரம் திரும்பும் வரை பஸ்ஸில் தேடிக்கொண்டே வந்தேன்.

ஐப்பசி பிறந்துவிட்டால் எல்லாருக்கும் ஒரே எதிர்பார்ப்பு, கலெக்டர் விடும் மழை லீவு. சாயங்காலம் வானம் இருட்டினால் போதும், வகுப்பே வானிலை ஆய்வு மையமாகிவிடும். 'பட்டம்' என்ற சொல்லை மூன்று தவணையில் வாசிக்கிற அரும்பு ஒருவன், "காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் தாழ்வுப் பகுதியா வலு இழந்துடுச்சு சார்" என்று மூச்சு விடாமல், வருத்தத்தோடு சொல்கிறான். ஒற்று ஒன்றும் பிசகவில்லை. அவனை அன்றே மலருக்கு உயர்த்தியிருப்பேன். மதிப்பீட்டுச் செயலியில் புயல் தமிழுக்கென்று கட்டம் இல்லை.

மழை விடாவிட்டால் நடராசர் விடுவார். ஆருத்ரா தரிசனம், ஆனித் திருமஞ்சனம் என்றால் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அதை ஈடுகட்ட ஒரு சனிக்கிழமை பள்ளி. ஈடுகட்டும் சனிக்கிழமை என்றால் தலைமையாசிரியை, நான், சமையல் அக்கா, பிறகு வழக்கமாக வரும் நாய். சட்டப்படி பள்ளி நடந்தது. நாயின் நடத்தை மிகவும் திருப்தி.

ஊர் டீக்கடைக்காரர் ஒருநாள் என்னைத் தேற்றப் பார்த்தார். "விடுங்க சார். மஞ்சக்குப்பத்துக்காரர்தான ஜெயகாந்தன்? அஞ்சாவதோட நின்னாரு. ஞானபீடமே குடுத்தாங்க."

கொடுத்தார்கள், 2002-ஆம் ஆண்டுக்கு. அஞ்சாவதோடு நின்ற மற்றவர்களைத்தான் நான் பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பிலும் துறைமுகத்து மீன் ஏலத்திலும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். "டீக்கடையிலயும்" என்று சேர்த்துச் சொல்லி, சர்க்கரை போடாமல் கொடுத்துவிட்டார்.

இதற்கிடையே குறுவள மையத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்று செய்தி வந்தது. நான் போய்விட்டால் மூன்று வகுப்பும் தலைமையாசிரியையிடம் போய்ச் சேரும். கிளம்பும்போது மாமா வீட்டு நோட்டுக்காரன் கேட் வரைக்கும் பின்னாலேயே வந்தான். முகத்தில் ஒரு கவலை. எனக்கு மனசு இளகிவிட்டது.

"சார், நாளைக்கு நீங்க வருவீங்களா?"

"தெரியலடா கண்ணு. பயிற்சி முடிஞ்சா வருவேன். ஏன், சாருக்காக ஏங்குறியா?"

"இல்ல சார். வர்றதா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. நோட்டை எங்க வைக்கிறதுன்னு பாக்கணும்."