பழைய எண் 3.0, புதிய எண் 3.2

பெறுநர்:
பெயர்சூட்டுப் பிரிவு (அப்படி ஒன்று இருக்கும் என்ற நம்பிக்கையில்),
யுஎஸ்பி இம்ப்ளிமென்டர்ஸ் ஃபோரம்,
பீவர்ட்டன், ஒரிகன், அமெரிக்கா.

பொருள்: மதர்போர்டின் பின்பக்கத்துக்கு ஒழுங்கான கதவு எண் ஒட்டித் தரக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மா,

மனுதாரர் சென்னைவாசி. சென்னையில் வீட்டு வாசலில் இரண்டு எண் இருக்கும்: ப.எண் 14, பு.எண் 31. மாநகராட்சி எண்ணை மாற்றியது. ஜனங்கள் பழையதையும் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொண்டார்கள். கூரியர்காரர் இன்றைக்கும் வீடு கண்டுபிடிப்பது அந்தப் புண்ணியத்தில்தான். தங்கள் சபை எண்ணை மாற்றும்போதெல்லாம் பழைய எண்ணைச் சுண்ணாம்பு அடித்து மறைத்துவிடுகிறது என்பதே இந்த மனுவின் சாரம்.

விவகாரம் கிளம்பியது ரிச்சி தெருவில். மனுதாரரின் அக்கா மகன், தன் கையாலேயே கணினி அசெம்பிள் செய்வேன் என்று ஆறு மாதம் காசு சேர்த்தவன். பிராசசர் முடிவாகிவிட்டது, கிராபிக்ஸ் கார்டும் முடிவாகிவிட்டது. மிச்சம் மதர்போர்டு. கடைக்காரர் இரண்டு பெட்டிகளைக் கவுன்ட்டரில் வைத்தார். ஒன்று பி850, இன்னொன்று எக்ஸ்870. இரண்டிலும் அதே ஏஎம்5 சாக்கெட், அதே நாலு ராம் ஸ்லாட். உள்ளே சிப்செட் சில்லுகூட இரண்டுக்கும் ஒன்றேதான். அது ஏஎம்டியின் திருவிளையாடல், அதற்குத் தனி மனு வரும்.

“அப்புறம் எதுக்குண்ணே ஆறாயிரம் கூட?”

“பின்னாடி பாரு தம்பி. யுஎஸ்பி.”

மாமாவும் மருமகனும் பெட்டியைத் திருப்பினார்கள். யுஎஸ்பி 3.2 ஜென் 1 நாலு. யுஎஸ்பி 3.2 ஜென் 2 மூன்று. யுஎஸ்பி 3.2 ஜென் 2 பை 2 ஒன்று. அடுத்த பெட்டியில் இவற்றோடு யுஎஸ்பி4 இரண்டு. மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். அப்போதும் அதேதான் எழுதியிருந்தது.

இந்தப் பெயர்களின் ஜாதகத்தைச் சபைக்கே நினைவூட்டுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் கோப்பில் இருக்கட்டும். 2008-இல் யுஎஸ்பி 3.0 பிறந்தது. வேகம் வினாடிக்கு 5 ஜிகாபிட், போர்ட்டுக்குள் நீல நாக்கு, குழந்தைக்கும் புரிந்தது. 2013-இல் 10 ஜிகாபிட் வந்தது. புதிதாகப் பிறந்ததற்கு 3.1 என்று பெயர் வைத்து, சர்க்கரை கொடுத்து, வந்தவர்களை அனுப்பியிருக்கலாம். சபையோ ஐந்து வயதாகிவிட்ட மூத்த பிள்ளையையும் தொட்டிலில் போட்டு, அவனுக்கும் 3.1 ஜென் 1 என்று காதில் ஓதியது. 2017-இல் 20 ஜிகாபிட் வந்தது. 2019 பிப்ரவரியில் வந்த அறிவிப்பின்படி மூவரும் 3.2 ஆனார்கள்: 5 ஜிகாபிட் ஜென் 1, 10 ஜிகாபிட் ஜென் 2, 20 ஜிகாபிட் ஜென் 2 பை 2. ஆக, 2008-இன் போர்ட் பதினோரு வருடத்தில் மூன்று பெயர் பார்த்துவிட்டது. வேகம் கூடவில்லை, கம்பி மாறவில்லை, நீல நாக்கும் அப்படியே. எங்கள் ஊரில் சினிமாக்காரர்கள் எண்கணிதம் பார்த்துப் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொள்வார்கள். அவர்கள்கூட முகத்தைப் போஸ்டரில் போட்டுவிடுவார்கள், ஆள் யாரென்று தெரியும்.

இது சபைக்குப் புதுப் பழக்கமும் இல்லை. 1990-களில் 12 மெகாபிட் வேகத்துக்கு ‘ஃபுல் ஸ்பீடு’ என்று பெயர் வைத்தீர்கள். 2000-இல் 480 மெகாபிட் வந்தபோது முழுசுக்கு மேல் என்ன பெயர் வைப்பது என்று திகைத்து, ‘ஹை ஸ்பீடு’ என்றீர்கள். தங்கள் கணக்கில் முழு வேகத்தைவிட உயர்ந்த வேகம் நாற்பது மடங்கு அதிகம். எங்கள் பேருந்து ஓட்டுநர்களுக்கு இந்தச் சலுகை தெரிந்தால் விபரீதம்.

ஜென் 1, ஜென் 2 எல்லாம் பொறியாளர்களின் ஆவணத்துக்கு, பெட்டியில் அச்சடிக்க அல்ல என்று சபை சொல்லிவந்ததை மனுதாரர் அறிவார். பெட்டிக்கென்று ‘சூப்பர்ஸ்பீடு யுஎஸ்பி’ என்ற பெயரைத் தனியாக வைத்திருந்தீர்கள். ஆனால் மதர்போர்டு கம்பெனிக்காரருக்குப் பெரிய எண்தான் இனிக்கும். 5 ஜிகாபிட் என்று போட்டால் ஏழையாகத் தெரியும் போர்ட், 3.2 என்று போட்டால் பட்டு வேட்டி கட்டிக்கொள்கிறது. வேட்டியை இரவல் கொடுத்தது யார் என்பதை மட்டும் சபை யோசித்துப் பார்க்க வேண்டும்.

சரி, எக்ஸ்870 வாங்கினால் தொல்லை தீருமா? அதில் யுஎஸ்பி4 இருந்தே ஆக வேண்டும் என்பது ஏஎம்டியின் விதி. நான்குக்கு முன்னால் இடைவெளி விடக் கூடாது என்பது தங்கள் விதி. வேகம் 40 ஜிகாபிட். ஆனால் ஒருவர் 20 ஜிகாபிட் ஜென் 2 பை 2 எஸ்எஸ்டி வாங்கி, அதை ஒரு 40 ஜிகாபிட் போர்ட்டில் செருகினால், 10-இல் மட்டுமே ஓடக்கூடும். யுஎஸ்பி4 வைத்திருக்கும் கணினி ஜென் 2 பை 2-வையும் ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் சபையின் விதிப்புத்தகத்தில் கிடையாது. அதாவது எட்டு வழிச் சாலையில் ஏறிய லாரியை இறக்கி ஒத்தையடிப் பாதையில் விடுவது.

போதாததற்கு, யுஎஸ்பி4-க்கான பாதை பெரும்பாலும் பிராசசரிலிருந்து நேராக வருகிறது. பெரும்பாலான ஏஎம்5 பிராசசர்களில் நம் கைக்கு வரும் பிசிஐஇ பாதைகள் 24. கிராபிக்ஸ் கார்டுக்கு 16, முதல் எம்.2-வுக்கு 4. மிச்சம் நாலை வைத்துக்கொண்டு இரண்டாவது எம்.2-வும் யுஎஸ்பி4-உம் பங்காளிச் சண்டை போடுகின்றன. பல எக்ஸ்870 மதர்போர்டுகளில் ஒன்றுக்கு முழுசாகக் கொடுத்தால் மற்றது பாதியில் ஓடும், அல்லது படுத்துவிடும். இந்தச் சங்கதி பெட்டியில் இருக்காது. மேனுவலில், பொடி எழுத்தில், நட்சத்திரக் குறிக்குக் கீழே இருக்கும். மதர்போர்டு வாங்கப் போகிறவர் கடைக்குப் போகும் முன் அந்த மேனுவலை டவுன்லோடு செய்து நட்சத்திரங்களை மட்டும் படித்தாலே போதும் என்பது மனுதாரரின் அனுபவம்.

டைப்-சி என்ற ஓட்டையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. வடிவம் ஒன்று, உள்ளே 480 மெகாபிட்டும் இருக்கலாம், 40 ஜிகாபிட்டும் இருக்கலாம். 2023-இல் வந்த ஐபோன் 15-இலேயே டைப்-சி ஓட்டைக்குள் இருந்தது 2000-ஆம் ஆண்டு வேகம். 50 ஜிகாபைட் கல்யாண வீடியோவை அதில் இறக்கினால், சுமார் இருபது நிமிடம் ஆகும். பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரை முடித்துவிடலாம்.

2022-இல் சபைக்கே மனம் இளகியது. சூப்பர்ஸ்பீடு வேண்டாம், யுஎஸ்பி 5ஜிபிபிஎஸ், 10ஜிபிபிஎஸ், 20, 40 என்று வேகத்தையே பெயராக வைத்தால் போதும் என்று அறிவித்தீர்கள். மனுதாரர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆனால் ரிச்சி தெருக் கவுன்ட்டரில் இருந்த இரண்டு பெட்டிகளும் அந்த அறிவிப்புக்குப் பின் வந்தவை, அவற்றில் 3.2 ஜென் 2 பளபளவென்று இருந்தது.

கடைசியில் தீர்த்து வைத்தவன் கடைப் பையன். பி850-ஐப் பெட்டியிலிருந்து எடுத்தான். மாஸ்கிங் டேப்பைப் பல்லால் கிழித்து, பின்பக்க போர்ட்டுகளுக்கு மேலே வரிசையாக ஒட்டினான். காதிலிருந்த மார்க்கரை எடுத்து, 5, 5, 5, 5, 10, 10, 10, 20 என்று எழுதினான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மருமகன் அதையே வாங்கிக்கொண்டான். ஆறாயிரத்தை ராமில் போட்டாயிற்று.

பையனிடம் மனுதாரர் விசாரித்துவிட்டார். தங்கள் பிரிவில் சேர அவனுக்குச் சம்மதம். ஞாயிற்றுக்கிழமை லீவு வேண்டும். மார்க்கர் ஆபீஸ் செலவு.

இப்படிக்கு,
மனுதாரர்

இணைப்பு: மாஸ்கிங் டேப், ஒரு அடி (மாதிரிக்கு).